ஏற ஏற இறங்கிய படி

1777-ல் இங்கிலாந்தில் சிறைகளைப் பற்றி ஒரு கனத்த புத்தகம் வெளியானது. எழுதியவர் ஜான் ஹோவர்ட் என்ற நிலக்கிழார். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்துக்கு ஷெரீஃபாக நியமிக்கப்பட்டிருந்தார். சிறை ஷெரீஃபின் பொறுப்பில்தான் வரும். ஆனால் அந்தப் பதவிக்கு வந்த கனவான்கள் சிறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஹோவர்ட் உள்ளே போய்ப் பார்த்தார். குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் விடுவித்த ஆட்கள் அங்கேயே அடைந்து கிடந்தார்கள். விசாரித்ததில், ஜெயிலருக்குச் சம்பளமே கிடையாது என்று தெரிந்தது. கைதிகள் கட்டும் பணத்தில்தான் அவர் குடும்பம் ஓடியது. வெளியே போகவும் கட்டணம் உண்டு. கையில் காசில்லாதவனுக்கு விடுதலை கிடைத்தும் பூட்டு திறக்கவில்லை.

ஹோவர்ட் குதிரையேறி நாடெங்கும் சிறை சிறையாகச் சுற்றினார். அறையின் நீள அகலத்தை அளந்தார், ரொட்டியை எடை போட்டார், தலைகளை எண்ணினார். சிறையை அளந்து பார்க்கும் பழக்கம் அவரிடம்தான் தொடங்கியது என்றே சொல்லலாம். கட்டணக் கொள்ளையைச் சட்டம் முற்றாக ஒழித்தது 1815-ல். ஹோவர்ட் இறந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1815-ல் இன்னொன்றும் முடிவுக்கு வந்தது. நெப்போலியனுடனான போர். அங்கேதான் புதிய தலைவலி ஆரம்பித்தது.

போர் முடிந்ததும் படை கலைந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலையில்லை, ரொட்டி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. திருட்டு பெருகியது, சிறைகள் பிதுங்கின. அவற்றை நடத்தியவர்கள் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள். சம்பளம் வாங்காத உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். லண்டனில் இருந்த உள்துறை அமைச்சருக்கு இந்தச் சிறைகள் மீது பிடி என்று எதுவும் இல்லை. கைதிகள் முற்றத்தில் சுவரில் சாய்ந்தபடி சீட்டாடினார்கள், சண்டை போட்டார்கள், புதிதாக வந்தவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். இத்தனை பேருக்கு என்ன வேலை கொடுப்பது என்று மாஜிஸ்திரேட்டுகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, சஃபோக் மாவட்டத்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சிறைக்கு ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் வில்லியம் க்யூபிட். நார்ஃபோக்கில் ஒரு மாவு மில்காரரின் மகன். தச்சுவேலை கற்று மேலே வந்தவர். 1807-ல், 22 வயதில், காற்றாலைக்கு ஒரு புதுவகை இறக்கையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியிருந்தார். சூறைக்காற்று அடித்தால் இறக்கையின் பலகைகள் தாமாகவே திறந்து காற்றை வழியவிடும். காற்று தணிந்தால் மூடிக்கொள்ளும். அந்தக் காலத்து மில்காரர்களுக்கு அது தெய்வ வரம். பரி சிறைக்கு வந்தபோது அவர் இப்ஸ்விச்சில் ரான்சம் என்ற நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். பரி சிறையின் கைதிகள் மூலைக்கு மூலை சோம்பிக் கிடந்ததை அவர் பார்த்தார். இவர்களுக்கு ஏதாவது வழி பண்ணக் கூடாதா, ஒரு சக்கரம் கிக்கரம் அமைத்துத் தரக் கூடாதா என்று உடனிருந்த மாஜிஸ்திரேட் அலுத்துக்கொண்டார். பேச்சுவாக்கில் விழுந்த வார்த்தை என்றுதான் கதை சொல்கிறார்கள். ஆனால் மில்காரர் மகனின் காதில் ‘சக்கரம்’ என்ற சொல் சும்மா விழுந்துவிடுமா?

1818 வாக்கில் க்யூபிட்டின் மிதிசக்கரம் தயாரானது. நீர்ச்சக்கரம் போல ஒரு பெரிய உருளை. நீளவாக்கில் அதன் மேனியெங்கும் மரப்படிகள். கைதிகள் வரிசையாக நின்று தலைக்கு மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் வைத்த படி, உடம்பின் எடையால் கீழே இறங்கும். உடனே அடுத்த படியில் கால் வைக்க வேண்டும், அதுவும் இறங்கும். நாள் முழுக்க ஏறினாலும் ஆள் நின்ற இடத்திலேயே இருப்பான். தனித் திறமை எதுவும் தேவையில்லை, ஏமாற்றவும் முடியாது. கால் எடுக்காமல் நின்றால் கம்பியில் தொங்க வேண்டியதுதான். உருளையின் அச்சு சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போய் மாவரைக்கும் கல்லைச் சுழற்றியது. 1821-ல் லண்டனுக்குத் தெற்கே பிரிக்ஸ்டன் சிறையில் பெரிய அளவில் ஒன்று நிறுவப்பட்டபோது, அதை விளக்கும் சித்திரங்கள் அச்சாகிப் பரவின. மறு ஆண்டே சக்கரம் கடல் தாண்டி நியூயார்க்கின் பெல்வியூ சிறைக்குப் போனது. க்யூபிட் புகழேணியில் மளமளவென்று ஏறினார். சக்கரத்தில்தான் சிக்கல் முளைத்தது.

மாவரைக்க எப்போதும் தானியம் கிடைக்குமா? கிடைத்தாலும், சிறை மலிவாக அரைத்துக் கொடுத்தால் ஊர் மில்காரரின் பிழைப்பு என்னாவது? பல சிறைகளில் கல்லைக் கழற்றிவிட்டு, அச்சின் மறுமுனையில் பெரிய விசிறியை மாட்டினார்கள். காற்று எதிர்க்க எதிர்க்கச் சக்கரம் கனத்தது, அவ்வளவுதான் பயன். கைதிகள் அதற்கு ‘காற்றை அரைப்பது’ என்று பெயர் வைத்தார்கள். காற்றை வேலை வாங்கத் தெரிந்த மனிதனின் கண்டுபிடிப்பு, மனிதர்களைக் கொண்டு காற்றுக்கு வேலை வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. விநோதம் என்னவென்றால், இதனால் யாரும் சக்கரத்தைக் கைவிடவில்லை. பயனில்லாத உழைப்புதான் உண்மையான தண்டனை என்று ஒரு கட்சியே கிளம்பியது.

1823-ல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் சிறைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஜெயிலருக்குச் சம்பளம், பெண் கைதிகளுக்குப் பெண் காவலர், மருத்துவரும் பாதிரியாரும் தவறாமல் வந்து பார்ப்பது, மாஜிஸ்திரேட்டுகள் உள்துறைக்கு அறிக்கை அனுப்புவது என்று நல்ல நல்ல விதிகள். ஆனால் அது சுமார் 130 பெரிய சிறைகளுக்கு மட்டும்தான் பொருந்தியது. கடன்காரர் சிறைகளும் சின்ன ஊர்களின் சிறைகளும் தப்பித்துக்கொண்டன. விதியை மீறினால் கேட்க ஆளில்லை. அதே ஆண்டு ஜான் காக்ஸ் ஹிப்பிஸ்லி என்ற கனவான், மிதிசக்கரம் உடம்பைக் கெடுக்கிறது, பெண்களை அதில் ஏற்றுவது கொடுமை என்று ஒரு நூலையே எழுதினார். விவாதம் முற்றியபோது யாரோ கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்கள்: ஒரு கைதி ஒரு நாளைக்கு எவ்வளவு உயரம்தான் ஏறுகிறான்?

கணக்கைத் திரட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. லூயிஸ் சிறையில் ஒரு நாளைக்கு 6,600 அடி. டர்ஹாமில் 12,000 அடி. வார்விக்கில், கோடையில், பத்து மணி நேரத்தில் சுமார் 17,000 அடி. சட்டம் ஒன்று, தீர்ப்பு ஒன்று, மாதக் கணக்கும் ஒன்று. ஆனால் லூயிஸில் திருடி மாட்டியவனும் வார்விக்கில் திருடி மாட்டியவனும் அனுபவித்த தண்டனை மலையும் மடுவும். நியாயத்தின் அளவை நீதிபதிகளுக்குப் பதிலாகச் சக்கரத்தின் சுற்றளவு முடிவு செய்துகொண்டிருந்தது. இதைச் சரிசெய்ய வேண்டுமானால் லண்டனிலிருந்து ஆள் போய் நேரில் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அதற்குச் சம்மதிப்பார்களா?

1835-ல் நாடாளுமன்றம் அவர்களைக் கேட்கவே இல்லை. ஐந்து சிறை ஆய்வாளர்களை நியமிக்கும் சட்டம் நிறைவேறியது. எந்தச் சிறைக்குள்ளும் எப்போதும் நுழையலாம், எந்தப் பதிவேட்டையும் புரட்டலாம், ஆண்டுதோறும் அறிக்கை போடலாம். உத்தரவு மட்டும் போட முடியாது. பல்லில்லாத அதிகாரம்தான் என்றாலும் அந்த அறிக்கைகள் அச்சாகி நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்தன. பத்திரிகைகள் அவற்றைப் பிய்த்துப் போட்டன. ஐவரில் இருவருக்குக் குரல் ஓங்கியிருந்தது. ஒருவர் வில்லியம் க்ராஃபோர்ட். அமெரிக்கச் சிறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். இன்னொருவர் விட்வொர்த் ரஸ்ஸல் என்ற பாதிரியார். இருவருக்கும் மிதிசக்கரம் ஆகாது. காரணம் இரக்கம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கைதிகள் குசுகுசுவென்று பேசிவிடுகிறார்களே! ஆளுக்கொரு அறை, வருடக்கணக்கில் தனிமை என்பதே அவர்கள் மருந்து. ஸ்காட்லாந்துக்குப் போன ஃப்ரெடரிக் ஹில்லும் சக்கரத்தை வெறுத்தார். ஆனால் அவருக்குக் கைதி உருப்படியான தொழில் செய்ய வேண்டும் என்ற எண்ணம். ஒரு பென்னி தபாலைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில்லின் அண்ணன் தம்பிகளில் அவர் ஒருவர். அந்தக் குடும்பத்துக்கே உருப்படியான காரியத்தில் பித்து. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, மிதிசக்கரத்தின் மிக மோசமான முகம் ஏழு கடல் தாண்டி ஜமைக்காவிலிருந்து தெரிந்தது.

1834-ல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்தது என்றாலும் மேற்கிந்தியத் தீவுகளின் பெரும்பாலான அடிமைகள் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் பழைய எஜமானிடமே இன்னும் சில ஆண்டுகள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். எஜமான் இனிச் சவுக்கைத் தொடக் கூடாது, தண்டனை சிறையில்தான். சவுக்குக்குப் பதிலாக நாகரிகமான கருவி வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து மிதிசக்கரம் வந்து இறங்கியது. ஜமைக்காவில் கைதிகளின் மணிக்கட்டைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். கால் தவறியவர்களின் முழங்காலைச் சுழலும் படிகள் சிராய்த்தன. அப்படித் தொங்கியவர்களுக்கு, பெண்கள் உட்பட, சவுக்கடியும் விழுந்தது. 1837-ல் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞன் லண்டனுக்கு வந்து தான் அனுபவித்ததைச் சொல்ல, அது சிறு நூலாக வெளியாகி நாட்டையே உலுக்கியது. அரசு அனுப்பிய கேப்டன் பிரிங்கிள் தீவுச் சிறைகளை ஆய்ந்து அறிக்கை கொடுத்தார். 1838 ஆகஸ்ட் 1-ம் தேதி ‘பயிற்சி’ முறைக்கு மங்களம் பாடப்பட்டது. அதே கோடையில், தீவுச் சிறைகளை ஆளுநரின் நேரடிக் கண்காணிப்பில் கொண்டுவரும் சட்டத்தையும் லண்டன் நிறைவேற்றியது. ஜமைக்காவின் தோட்ட முதலாளிகள் நிரம்பிய சட்டசபை கொதித்தெழுந்து, இனி எந்த வேலையும் செய்ய மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டது.

பிரதமர் மெல்போர்ன் அந்தச் சபையையே முடக்கி வைக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். 1839 மே மாதம் அது வெறும் ஐந்து வாக்குகளில் தப்பியது. மெல்போர்ன் ராஜினாமா செய்தார். அடுத்து ஆட்சி அமைக்க அழைக்கப்பட்டவர் அதே பீல். அரண்மனையில் ராணியின் தோழியராக இருக்கும் எதிர்க்கட்சிக் குடும்பப் பெண்களில் சிலரையாவது மாற்ற வேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்தார். விக்டோரியாவுக்கு அப்போது வயது 19. என் தோழிகள் மேல் கை வைக்க நீ யார் என்ற தோரணையில் மறுத்துவிட்டார். பீல் ஒதுங்க, மெல்போர்ன் திரும்ப வந்தார். வரலாற்றுப் புத்தகங்கள் இதை அந்தப்புர நெருக்கடி என்று ரசித்துச் சொல்லும். நெருக்கடி தொடங்கிய இடம் ஒரு தீவின் சிறைகள் என்பது பல நேரம் அடிக்குறிப்போடு சரி.

இதற்குள் க்ராஃபோர்டும் ரஸ்ஸலும் நினைத்ததைச் சாதித்திருந்தார்கள். 1842-ல் லண்டனில் பென்டன்வில் சிறை திறந்தது. 520 தனியறைகள்; முகத்தை மறைக்கும் தொப்பி; தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு தடுப்பு. அதைப் பார்க்க ஐரோப்பாவே திரண்டு வந்தது. 1847 ஏப்ரலில் அதே பென்டன்வில்லின் கூட்ட அறையில் க்ராஃபோர்ட் சரிந்து விழுந்து இறந்தார். ஆகஸ்டில் ரஸ்ஸல், மில்பேங்க் சிறைக்குள் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். தனிமைச் சிறையின் இரண்டு தூண்களும் நான்கு மாத இடைவெளியில், சிறைச் சுவர்களுக்குள்ளேயே சாய்ந்தன. தனிமையோடு சேர்ந்து வேலையும் வாங்க அவர்கள் காலத்துச் சிறைகள் அறைக்குள்ளேயே ஒரு சின்ன இயந்திரத்தை வைத்திருந்தன. அதை மிதிசக்கரத்தின் தம்பி எனலாம். அண்ணனைவிடக் கொடிய தம்பி.

கிராங்க் என்று அழைக்கப்பட்ட கைச்சுழற்றி அது. பிடியைச் சுற்றினால் உள்ளே ஒன்றுமே நடக்காது. சுற்று எண்ணிக்கை மட்டும் முகப்பில் ஏறும். பர்மிங்காம் சிறையில் ஒரு நாளைக்கு 10,000 சுற்று. முடிக்காதவனுக்குச் சாப்பாடு கிடையாது. அங்கே 1853-ல், கொஞ்சம் மாட்டிறைச்சி திருடியதற்காக அடைக்கப்பட்ட எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற 15 வயதுப் பையனால் அந்தக் கணக்கை எட்டவே முடியவில்லை. பட்டினி, குளிர்ந்த தண்ணீர் அபிஷேகம், நெஞ்சை நெரிக்கும் கட்டுச்சட்டை என்று தண்டனைமேல் தண்டனை. உள்ளே போன ஒரு மாதத்தில் ஜன்னல் கம்பியில் தூக்கில் தொங்கினான். ஆணையம் விசாரித்தது. சிறையை நடத்திய லெப்டினென்ட் ஆஸ்டினுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. ஆய்வாளர் வந்துபோன சிறைதான் அது. மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட்டு வந்த சிறைதான். கண்ணால் பார்த்துவிட்டுப் போவது போதாது, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அளக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு மருத்துவருக்கு உதித்தது.

எட்வர்ட் ஸ்மித், ப்ராம்ப்டன் காசநோய் மருத்துவமனையின் மருத்துவர். 1850-களின் பிற்பகுதியில் அவர் லண்டனின் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறைக்குள் நுழைந்தார். பேச்சு அடியோடு தடைசெய்யப்பட்ட சிறை அது. அங்கிருந்த சக்கரத்தின் சுற்றளவு 16 அடி, 24 படிகள், நிமிடத்துக்கு இரண்டு சுற்று. முப்பது சுற்று முடிந்ததும் மணி அடிக்கும். ஒரு அணி இறங்க அடுத்த அணி ஏறும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே பலகைத் தடுப்பு, ஏறக்குறைய இரண்டடி அகலம். கைதிகளைப் பார்த்துவிட்டு ஸ்மித் குறிப்பெடுத்துப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. முகத்தில் ஒரு மூடியை மாட்டிக்கொண்டு, தானே சக்கரத்தின் மேல் ஏறினார்.

உள்ளே போகும் காற்றை ஒரு மீட்டர் அளந்தது. வெளியே வந்த மூச்சிலிருந்த கரியமில வாயுவைப் பொட்டாஷ் உறிஞ்சியது. உட்கார்ந்து, நடந்து, சக்கரம் ஏறி என்று ஒவ்வொன்றாக அளந்தார். சக்கரத்தில் கரியமில வாயு பல மடங்கு எகிறியது. இன்னொரு பக்கம், கைதிகளின் சிறுநீரில் யூரியாவை எடை போட்டார். ஜெர்மனியின் லீபிக், அன்றைய வேதியியலின் சக்கரவர்த்தி, தசை வேலை செய்தால் தசையே எரிகிறது, ஆகவே யூரியா கூடியே தீரும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். சக்கரம் ஏறிய நாளிலும் ஏறாத நாளிலும் யூரியா பெரிதாக மாறவில்லை. சாப்பாட்டைப் பொறுத்தே கூடிக் குறைந்தது. லீபிக்கின் கோட்டையில் விழுந்த முதல் விரிசல்களில் ஒன்று இப்படி ஒரு லண்டன் ஜெயிலில் விழுந்தது. பிறகு 1865-ல் ஃபிக், விஸ்லிசீனஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறி அதை உறுதிப்படுத்திப் பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். மலை என்றால் கௌரவம்தானே. ஸ்மித்துக்கோ வேறு கவலை. இந்தத் தண்டனை அளவுக்கு மீறியது, ஊருக்கு ஊர் ஏறுமாறானது, ஒரே சீராக்குங்கள் என்று அவர் கரடியாகக் கத்தினார். அவர் குரல் கேட்டது. கேட்ட நேரம்தான் சரியில்லை.

1862 கோடையில் லண்டன் தெருவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தார்கள். அடுத்தடுத்து அதேபோல் சம்பவங்கள். பத்திரிகைகள் பீதியை ஊதிப் பெருக்கின. சிறை சொகுசாகிவிட்டது என்று கூச்சல் எழுந்தது. 1863-ல் கார்னார்வன் பிரபு தலைமையில் பிரபுக்கள் சபையின் குழு கூடியது. ஸ்மித் அங்கே சாட்சி சொன்னார். சீராக்க வேண்டும் என்பதைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கடுமையாக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. 1865-ம் ஆண்டின் சட்டப்படி, கடுங்காவல் விதிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்ட ஆண் கைதிக்கு முதல் மூன்று மாதமாவது சக்கரம், கைச்சுழற்றி, கல்லுடைப்பு போன்ற உச்சகட்ட உழைப்பு கட்டாயம். கருணைக்காகப் போட்ட கணக்கு தண்டனையின் அளவுகோலானது. அதைக் கையில் எடுக்க ஒருவர் காத்திருந்தார்.

எட்மண்ட் டுகேன், ராணுவப் பொறியாளர். உள்ளூர் வரிச்சுமையைக் குறைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து ஆட்சிக்கு வந்த டிஸ்ரேலி அரசு, 1877-ல் உள்ளூர்ச் சிறைகள் அத்தனையையும் அரசுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1878 ஏப்ரல் 1-ம் தேதி 113 சிறைகளின் சாவிகள் கைமாறின. சிறை ஆணையத்தின் தலைவர் டுகேன் 38 சிறைகளை இழுத்து மூடினார். மிச்சமிருந்தவற்றில் உணவு, உடை, படுக்கைப் பலகை, மணியடிக்கும் நேரம் எல்லாம் ஒரே அச்சு. சக்கரத்துக்கும் ஒரே கணக்கு: நாளுக்கு ஆறு மணி நேரம், 15 நிமிடம் ஏற்றம், 5 நிமிடம் ஓய்வு, நிமிடத்துக்கு 32 அடி. கூட்டினால் 8,640 அடி. கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு ஏறுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தினமும் ஒரு தொட்டபெட்டா, சிறைச் சோற்றில். லூயிஸுக்கும் வார்விக்குக்கும் இருந்த வித்தியாசம் ஒருவழியாக ஒழிந்தது. மத்திய நிர்வாகத்தின் முழு வெற்றி என்று டுகேன் பெருமைப்பட்டார். வெற்றி பதினேழு ஆண்டுகள் நீடித்தது.

சிறைக்குள்ளிருந்தே பாதிரியார்கள் முணுமுணுத்தார்கள். 1894 தொடக்கத்தில் டெய்லி க்ரானிக்கிள் பத்திரிகை தொடர் கட்டுரைகளால் ஆணையத்தைக் கிழித்தது. முன்னாள் பிரதமரின் மகன் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் தலைமையில் குழு அமைந்தது. பயனற்ற உழைப்பு மனிதனைத் திருத்தாது, சக்கரத்தைக் கழற்றுங்கள் என்று 1895 ஏப்ரலில் அறிக்கை வந்தது. டுகேன் ஓய்வு பெற்றார். ஆனால் அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே அரசாங்கம் என்ற ஒன்று இருக்கிறதே. அறிக்கை வெளியான அடுத்த மாதம், 25-ம் தேதி, லண்டனின் புகழ்பெற்ற நாடகாசிரியர் ஒருவருக்கு இரண்டாண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. தன் இரண்டு நாடகங்கள் நகரத்தில் சக்கைப்போடு போட்ட ஆண்டில், ஆஸ்கர் வைல்ட் பென்டன்வில் சிறையில் சக்கரம் மிதித்தார். வெளியே வந்ததும் சிறைக் கொடுமைகளைப் பற்றி அதே டெய்லி க்ரானிக்கிளுக்குக் கடிதம் எழுதினார். 1898-ன் சட்டம் ஒருவழியாக அந்த உச்சகட்ட உழைப்பை ஒழித்தது. சில ஆண்டுகளில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கதை இங்கே முடிந்திருந்தால் அருங்காட்சியகத்தில் ஒரு பெயர்ப் பலகையோடு போயிருக்கும்.

கண்டுபிடித்தவரை அதற்குள் ஊர் வேறு காரணங்களுக்காகக் கொண்டாடி முடித்திருந்தது. டோவரில் ரயில் பாதைக்காக ஒரு மலைமுகட்டையே வெடிவைத்துக் கடலில் தள்ளிய க்யூபிட், 1851-ல் லண்டனின் ‘கிரிஸ்டல் பேலஸ்’ கண்ணாடி மாளிகையைக் கட்டும் பணியை மேற்பார்த்து சர் பட்டம் பெற்றார்; 1861-ல் காலமானார். அவர் சக்கரம் விட்டுச் சென்ற ஒரு யோசனை மட்டும் பெர்லினில் வேறொரு வழியாக முளைத்தது. இயந்திரத்தின் மேல் ஒரு உடம்பை நிறுத்தி, வேகத்தை நிர்ணயித்து, மூச்சை அளப்பது. 1889-ல் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் நாதன் ட்சுன்ட்ஸ், குதிரைகளை ஆராய்வதற்காக ஒரு நீளப் பட்டையை மோட்டார் வைத்து ஓட்டினார். பண்ணைகளில் அதுவரை குதிரை பட்டையை மிதித்துக் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டியது. இப்போது இயந்திரம் குதிரையை ஓட்டியது. பின்னாளில் அவர் பட்டையோடு எக்ஸ்ரே கருவியையும் சேர்த்தார், ஓடும் இதயத்தைப் பார்ப்பதற்காக.

மனித இதயத்துக்கு அந்த வசதி வர வெகுநாள் பிடித்தது. இருதய நோயாளியின் தாங்கு திறனைச் சோதிக்க, 1929 முதல் மருத்துவர்கள் இரண்டு படிகளை வைத்து ஏறி இறங்கச் சொன்னார்கள். 1952-ல் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இருதய மருத்துவரும் வேய்ன் குவின்டன் என்ற கருவிப் பொறியாளரும் மோட்டார் பட்டையை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சரிவும் வேகமும் கூடும். நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் இதயத்தின் துடிப்பை வரைந்துகொண்டே போகும். சென்னை, மதுரை, கோவை என்று எந்த ஊர் மருத்துவமனையிலும் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ போகிறவர்கள் வரிசையில் நிற்கும் சோதனைகளில் ஒன்று இந்த டி.எம்.டி. அதில் முதல் இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ட்ரெட்மில். க்யூபிட்டின் சிறைச் சக்கரத்தை ஆங்கிலேயர்கள் அன்று அழைத்ததும் அப்படியேதான்.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் ஜிம்மில் இருக்கும் பட்டை, க்யூபிட் சக்கரத்தின் நேர் வாரிசு இல்லை. அதற்குப் பண்ணைக் குதிரைகள்தான் முன்னோர். அதே ஜிம்மின் மூலையில் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கும் படியேறும் கருவி இருக்கிறதே, அதுதான் அசல் பிரிக்ஸ்டன் ஜாடை. ஆனால் நிமிடத்துக்கு இத்தனை, ஏறிய உயரம் இத்தனை என்ற எண்களின் மோகத்தில் இரண்டுமே டுகேனின் சிறைக்குச் சொந்தம்.

வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த வில்லியம் ஸ்டாப் என்ற இயந்திரப் பொறியாளர். 1968-ல் டாக்டர் கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலை எழுதினார். எட்டு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட முடிந்தவர் உடல்தகுதி உள்ளவர் என்று அதில் படித்த ஸ்டாப், மழையிலும் பனியிலும் வெளியே போகாமல் அந்த மைலை எப்படி ஓடுவது என்று யோசித்தார். நாற்பது எஃகு உருளைகள் மேல் ஒரு பட்டை, ஒரு மோட்டார், நேரத்துக்கும் வேகத்துக்கும் ஒவ்வொரு திருகு. மாதிரியைக் கூப்பருக்கே அனுப்பிவைத்தார். கூப்பருக்குப் பிடித்துப்போனது. பேஸ்மாஸ்டர் 600 என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அதன் பேரப்பிள்ளைகள் இன்று பல அடுக்குமாடி வீடுகளின் பால்கனியில் ஈரத் துணி காயவும் உதவுகின்றன. ஸ்டாப் அப்படி விடவில்லை. 2012-ல் 96 வயதில் இறக்கும்வரை, கடைசி இரண்டு மாதங்கள் போக, யாரும் தண்டனை விதிக்காமலே அவர் தன் ட்ரெட்மில்லில் ஏறிக்கொண்டிருந்தார்.